சப்ரகமுவ தோட்டங்களை அச்சுறுத்தும் வாய்ப்புற்றுநோய்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் அதிகாலையில் பிரட்டுக்குச் செல்லும் தொழிலாளர் பலரின் இடுப்பில் வெற்றிலைப் பை ஒன்று இருக்கும். பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் கொழுந்து பறிப்பவர்களானாலும், தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் இறப்பர் பால் வெட்டுபவர்களானாலும், வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நான்கும் அவர்களது வேலைநாளின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டன. பசியை மறக்கவும் களைப்பைத் தாங்கவும் அவர்கள் நாடும் இந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பதை நாம் இன்னமும் உரிய முறையில் சிந்திக்கவில்லை என்றே கூற வேண்டியுள்ளது.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். சப்ரகமுவ மாகாணத்தில் 2006 நவம்பர் முதல் ஓராண்டு காலம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில் 30 வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரின் வாய் பரிசோதிக்கப்பட்டது. புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் 11.3 சதவீதத்தினரிடம் இருப்பதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதாவது ஒன்பது பேரில் ஒருவருக்கு எச்சரிக்கை அடையாளம் ஏற்கனவே வாய்க்குள் தோன்றியிருந்தது. புகையிலை சேர்த்தோ சேர்க்காமலோ வெற்றிலை போடுவதே இதற்குப் பிரதான காரணம் என்பதும் அப்போது உறுதிப்படுத்தப்பட்டது.

இத்தகைய மாற்றங்கள் அனைத்தும் புற்றுநோயாக மாறுவதில்லை. மாறுகின்றவையும் ஒரே நாளில் மாறுவதில்லை. பெரும்பாலும் பல வருடங்கள் செல்கின்றன. இந்த இடைக்காலம் எங்கிருந்து வருகின்றது என்பதை விளங்கிக்கொண்டால், நாம் எதைச் செய்யத் தவறுகின்றோம் என்பதும் விளங்கும்.

வாயின் உட்புறத் தோல் ஓயாது தேய்ந்து புதுப்பிக்கப்படும் ஓர் இழையமாகும். அதன் அடிப்படையிலுள்ள கலங்கள் பிரிந்து பெருகுவதனாலேயே மேற்படை புதுப்பிக்கப்படுகின்றது. ஒரு கலம் இரண்டாகப் பிரிவதற்கு முன்னர் தனது டி.என்.ஏ.யின் 300 கோடிக்கும் அதிகமான எழுத்துகளைப் பிரதியெடுத்தாக வேண்டும். இப்பணிக்கு உதவும் புரதங்களுள் ஒன்று பி.சி.என்.ஏ. எனப்படுகின்றது. ஒரே மாதிரியான மூன்று துண்டுகள் இணைந்து வளையல் போல அமைந்த இப்புரதம், டி.என்.ஏ. இழையைச் சுற்றிக்கொண்டு, பிரதியெடுக்கும் நொதியம் இழையிலிருந்து நழுவிவிடாமல் பிடித்துக்கொண்டு ஓடுகின்றது. 1978 ஆம் ஆண்டில் லூப்பஸ் நோயாளரின் குருதியை ஆராய்ந்தபோதே விஞ்ஞானிகள் இதனை முதலில் அடையாளம் கண்டனர். டி.என்.ஏ. பிரதியெடுப்பில் இதற்குள்ள பங்கு 1987 ஆம் ஆண்டில் தெளிவானது.

இயற்கை இதற்கு ஒரு கடிவாளத்தையும் அமைத்துள்ளது. டி.என்.ஏ. சேதமடையுமாயின் பி53 என்ற காவற்புரதம் விழித்துக்கொண்டு, பி21 என்ற மற்றொரு புரதத்தை உருவாக்கச் செய்கின்றது. பி21 அந்த வளையத்தைப் பற்றிக்கொண்டு பிரதியெடுப்பைத் தடுக்கின்றது. சேதத்தைத் திருத்துவதற்குக் கலத்துக்கு அவகாசம் கிடைக்கின்றது. பாக்கிலுள்ள இரசாயனங்களும் புகையிலையின் நச்சுகளும் நாள்தோறும் பல மணித்தியாலங்கள் கன்னத்தின் உட்புறத்தில் தங்கும்போது சேதம் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றது. காலப்போக்கில் பி53 போன்ற காவலே பழுதடைந்துவிடுமாயின், பிழையோடு கூடிய டி.என்.ஏ.யையும் அந்த வளையம் வழமைபோலவே பிரதியெடுக்க உதவும். பிழையையும் சரியையும் வேறுபடுத்துவது அதன் வேலையல்ல.

நோயியல் ஆய்வுகூடத்தில் இதனைக் கண்ணாரக் காணலாம். ஆரோக்கியமான வாய்த்தோலில் பி.சி.என்.ஏ. கொண்ட கலங்கள் அடிப்படையிலும் அதனை ஒட்டியுமே பெரும்பாலும் காணப்படும். புற்றுநோயை நோக்கிச் செல்லும் இழையத்திலோ அவை மேற்படைகளிலும் பரவிக் காணப்படும். நிற்க வேண்டிய இடத்தில் கலங்கள் நிற்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் தோட்டத்து மக்களுக்கு முதலில் வேண்டியது ஆய்வுகூடம் அல்ல. இம்மாற்றங்களுள் பெரும்பாலானவை வெண்ணிற அல்லது செந்நிறப் படலமாகவோ, ஆறாத புண்ணாகவோ, வாயை முழுமையாகத் திறக்க முடியாத இறுக்கமாகவோ வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கே தென்படுகின்றன. உடலின் உள்ளுறுப்புகளில் மறைந்து வளரும் புற்றுநோய்களுக்கு இல்லாத வசதி இது. அவ்வாறிருந்தும் நோயாளர் பலர் முற்றிய நிலையிலேயே மஹரகம தேசிய புற்றுநோய் வைத்தியசாலையின் வாசலை அடைகின்றனர் என்பதுதான் வேதனைக்குரியது.

வழி தெரியாததால் இந்நிலை ஏற்படவில்லை. சாதாரண ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து வாய்ப்பரிசோதனை செய்விக்கலாம் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1984 ஆம் ஆண்டில் வெளியான இலங்கை ஆய்வொன்றில் 34 ஊழியர்கள் ஒரு வருடத்தில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்திருந்தனர். கேரளத்தின் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற பெரும் ஆய்வின் முடிவுகள் 2005 ஆம் ஆண்டில் வெளியாகின. இத்தகைய பரிசோதனையினால் புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் 34 சதவீதத்தால் குறைந்தன என்று அவை காட்டின.

எனினும் 1984 ஆம் ஆண்டின் இலங்கை ஆய்வு மற்றொரு பாடத்தையும் விட்டுச் சென்றது. மறுபரிசோதனைக்கு வருமாறு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரே வந்தனர். இதனை அலட்சியம் என்று மட்டும் கூறிவிட முடியாது. நாட்சம்பளத்தில் வாழும் ஒரு தொழிலாளி இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ சென்றுவர ஒரு நாள் வேலையை இழக்கின்றார். பஸ் கட்டணம் வேறு. அங்கு எழுதப்படும் துண்டும் சொல்லப்படும் ஆலோசனையும் அவரது மொழியில் இல்லாவிடின் அடுத்த முறை அவர் செல்லத் தயங்குவது இயல்பே. வலியற்ற ஒரு வெண்படலத்துக்காக இத்தனை இழப்பையும் ஏற்குமாறு அவரிடம் எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

சட்டத்தின் பங்கும் அரைகுறையாகவே உள்ளது. புகையிலை கலந்த பாக்குப் பொட்டலங்கள் உள்ளிட்ட புகையற்ற புகையிலைப் பொருட்களுக்கு எதிராக 2016 ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் தடை விதிக்கப்பட்டது. ஆனால் பாக்கு அத்தடைக்குள் அடங்காது. புகையிலை கலக்காத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. கேகாலை மாவட்டமோ நாட்டின் முக்கிய பாக்கு உற்பத்திப் பிரதேசமாகும். சிறு விவசாயிகளின் வருமானமும் அதில் தங்கியுள்ளது. மரத்தை வெட்டுங்கள் என்று நாம் கூற வரவில்லை. பாக்கில் ஆபத்தில்லை, புகையிலையை விட்டால் போதும் என்ற தவறான நம்பிக்கை நீக்கப்பட வேண்டும் என்பதையே வலியுறுத்துகின்றோம். விருந்தாளியை வெற்றிலைத் தட்டம் வைத்து வரவேற்கும் சமூகத்தில் இதனை இழிவுபடுத்தும் தொனியில் கூறினால் எவரும் செவிமடுக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியவை செலவு மிகுந்தவையல்ல. தோட்ட வைத்திய உதவியாளருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் வாய்ப்பரிசோதனைப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரின் வாயும் வருடத்துக்கு ஒரு முறையேனும் தோட்டத்திலேயே பார்க்கப்பட வேண்டும். சந்தேகத்துக்குரியவர்களைத் தேடிப் பல் வைத்தியர் குறித்த நாளில் தோட்டத்துக்கு வரட்டும். மாவட்ட வைத்தியசாலைக்குச் சென்றேயாக வேண்டியவருக்கு அன்றைய சம்பளத்துடன் விடுமுறை வழங்குவதில் தோட்ட நிர்வாகங்களுக்கு என்ன தடை? ஊதியத்துக்காகப் போராடும் தொழிற்சங்கங்கள் இந்த ஒரு நாளையும் தமது கோரிக்கைகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழக்கத்தைக் கைவிட்டதும் சில படலங்கள் குறைந்து மறைவதும் உண்டு. பிழை பெருகுவதற்கு முன் அதனைத் தடுக்க இயற்கை எமக்குச் சில வருட அவகாசத்தைத் தருகின்றது. அந்த அவகாசத்தைத் தோட்ட மக்கள் மட்டும் இழந்து நிற்பதற்கு அவர்களது வறுமையும் தூரமும் காரணமாகிவிடக் கூடாது என்பதே எமது கருத்தாகும்.