கோட்டை மதிலடியில் ஒரு பாடம்

வெளிநாட்டுக் கொள்கை என்றால் என்னவென்று எட்டாம் தரப் பிள்ளைக்கு விளங்கவைக்க வேண்டுமா? மட்டக்களப்பு, புளியந்தீவுக் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். வாவியைப் பார்த்து நிற்கும் அந்தத் தடித்த மதிலைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை அது. அவர்களைத் துரத்த, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரின் துணையை நாடினான். 1638 மே மாதம் கோட்டை விழுந்தது. சில நாட்களில் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கையும் கைச்சாத்தானது. ஒல்லாந்தருக்குக் கறுவா வணிகம், மன்னனுக்குப் படையுதவி, போர்ச் செலவோ மன்னன் தலையில். பிடித்த கோட்டைகளில் 'மன்னன் விரும்பினால்' ஒல்லாந்துப் படை இருக்கலாம் என்றது மன்னனிடமிருந்த பிரதி. ஒல்லாந்தரின் பிரதியில் அந்தச் சொற்களே இல்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் இன்றும் சொல்வது, போர்த்துக்கேயர் போய் ஒல்லாந்தர் வந்த இதைத்தான். யாரோடு சேர்வது, பதிலுக்கு எதை விட்டுக்கொடுப்பது என்ற கணக்கும், எழுத்தில் என்ன இருக்கிறது என்ற கவனமும் இந்த ஒரு சம்பவத்திலேயே கிடக்க, வரைவிலக்கணத்தை மனனம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வாட்டுகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை. கோட்டைப் படை பற்றிய அந்த ஒரு வாசகத்தை இரண்டு விதமாகவும் கரும்பலகையில் எழுதுங்கள். நீ மன்னனாக இருந்தால் எதில் கையெழுத்து வைப்பாய் என்று கேளுங்கள்.