பட்டங்களுக்கு அப்பால் ஒரு வாழ்க்கை



பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால் பாராட்டு விழா நடக்கும், பொன்னாடை போர்த்துவார்கள், மலர் வெளியிடுவார்கள். பெற்ற பட்டம், வகித்த பதவி, எழுதிய நூல் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஆய்வுக்குள் அவரை இழுத்தது எது, அவர் வகுப்பு எப்படி இருந்தது என்ற செய்திகள்தாம் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அந்தக் குறையை நம்மால் இயன்ற அளவு தீர்க்கவே இந்த இதழைத் தலைநகர் தில்லியின் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதிக்குக் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக வாய்த்தவர் நாவலாசிரியர் தி. ஜானகிராமன். மாணவர் வளர்ந்து தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். வைணவத்தை ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். அந்த ஆய்வு நூலக அலமாரியோடு முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய 'இராமானுஜர்' நாடகத்துக்கு 1999-ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் கிடைத்தது. முகலாயர் ஆண்ட நகரில் வாழ்ந்தவர், அவர்களின் அரியணைப் போட்டியை 'ஔரங்கசீப்' என்று தமிழ் நாடகமாக்கினார்.

1968 டிசம்பர் 25 இரவு தஞ்சை வட்டாரத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையைப் பின்னணியாகக் கொண்ட தம் 'குருதிப்புனல்' நாவலில் இந்திரா பார்த்தசாரதி, தில்லியிலிருந்து தஞ்சைக் கிராமத்துக்குப் போகும் படித்தவர்களையே நடுவில் நிறுத்தினார். நாட்டின் தலைநகரில் உட்கார்ந்து படித்ததும் பேசியதும் ஒரு கூலித் தொழிலாளியின் குடிசைக்கு முன் என்ன பெறும் என்பதே அந்நாவல் எழுப்பும் கேள்வி. 1977-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. பின்னர் அவர் வார்சா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போனார். போலந்து வாழ்க்கை 'ஏசுவின் தோழர்கள்' நாவலானது. கற்பித்த ஊரெல்லாம் அவர் எழுத்துக்குள் வந்து சேர்ந்தது.

தில்லிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1964 ஜனவரியில் இங்கே கீழைத்தேய ஆய்வாளர்களின் 26-ஆவது உலக மாநாடு நடந்தபோது, வந்திருந்த தமிழறிஞர்கள் தனியே கூடி அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். அதற்காக முன்நின்று உழைத்தவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்து, ரோமில் குருத்துவம் பயின்று, முப்பது வயதைக் கடந்த பிறகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படித்தவர் அவர். மன்றம் தோன்றியபோது மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். இரண்டே ஆண்டுகளில், 1966-இல், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இவர்கள் இருவரிடத்திலும் ஆய்வு வேறு, வகுப்பு வேறு, வாழ்க்கை வேறு என்று கோடு போட முடியாது. அப்படிப்பட்டவர்கள் பெயர் பெற்றவர்களில் மட்டும் இல்லை. விருதோ மேடையோ இல்லாமல், ஆண்டு தவறாமல் கற்பித்து, விடைத்தாள் திருத்தி, மாணவரின் ஆய்வேட்டை வரி வரியாகப் படித்துக் கொடுத்தவர்கள் நம் ஒவ்வொருவர் நினைவிலும் இருக்கிறார்கள்.

அவர்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள். பட்டங்களின் பட்டியல் வேண்டாம். அவர் நடத்தியதில் உங்களுக்கு மறக்காத ஒரு பாடம், அவர் விடாமல் தேடிய ஒரு கேள்வி, அவர் உங்களுக்குச் செய்த ஒரு நல்லது, இவை போதும். கையெழுத்தில் இரண்டு பக்கம் என்றாலும் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். அவர் நம்மிடையே இருக்கும்போதே எழுதுங்கள். அச்சில் வந்ததும் முதல் பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்