பதிவேட்டில் எழுதக் கூடாதவை
2021 டிசம்பரில், கியூபெக் மாகாணத்தின் அரசு ஏறத்தாழ 4,000 இணையதளங்களை முன்னெச்சரிக்கையாக மூடியதற்குக் காரணம், லாக்4ஜே என்னும் பதிவு நிரலகம், அதாவது செயலியில் நிகழ்வனவற்றைக் குறித்துவைக்கும் ஆயத்த நிரல்தொகுப்பு, தன்னிடம் வந்த உரையை எழுதிவைப்பதோடு நில்லாமல், அதிலிருந்த முகவரியை நாடி அந்நிய நிரலை இயக்கவும் இடமளித்ததே ஆகும். அது ஜாவா மொழிக்குரியது, ஆயினும் பதிவேட்டுக்குச் செல்லும் உரையே ஆபத்தாகலாம் என்பதால், நோட்.ஜேஎஸ் வழங்கிகளில் பினோ, வின்ஸ்டன் ஆகிய பதிவு நிரலகங்களை நிறுவுவோரும் அவற்றின் வேகத்தை ஒப்பிடும் முன், எதை எழுதக் கூடாது என்று முடிவுசெய்தாக வேண்டும். கடவுச்சொல் போன்ற புலங்களை மறைக்கப் பினோவில் 'ரிடாக்ட்' என்னும் அமைப்பு உண்டு. எனினும் மறைக்க வேண்டியவற்றை நிரலரே பெயர்சுட்டிக் குறித்தாலன்றி அது இயங்காது. தனிநபர் தகவலைக் காக்கும் 25ஆம் சட்டத்தின் பெரும்பகுதி 2023 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள கியூபெக் மாகாணத்தில், மறைக்க வேண்டிய புலங்களைக் குறிக்கும் அந்தச் சில வரிகளை எழுதாமல் விடுவது பொறுப்பின்மையே.