புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்

"சனிக்கிழமை தமிழ் வகுப்புல பத்து வார்த்தை கத்துக்கிட்டு வர்றா. புதன்கிழமை கேட்டா பாதி இல்ல. அடுத்த சனிக்கிழமைக்குள்ள மொத்தமும் காலி. இதுக்கா வாராவாரம் நாற்பது நிமிஷம் கார் ஓட்டிட்டுப் போறோம்?"

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் அடிக்கடி வருவது இதுதான். ஊர் மாறும், பிள்ளையின் வயது மாறும், கேள்வி மட்டும் மாறாது. இதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும். நம்மில் பலர் வெளிநாட்டில் பிறந்து, இதே மாதிரி ஒரு வார இறுதி வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகியவர்கள். "எனக்கே பாதி மறந்துபோச்சு. என்னோட இது முடிஞ்சிடுமோ?" என்பதுதான் அந்த இரண்டாவது கேள்வி.

இரண்டுக்கும் நினைவைப் பற்றிய ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது. ஓரளவு ஆறுதலான பதில்தான்.

மறப்பது யாருக்கும் நடப்பது

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சோதனைக்கு ஆள் தேடவில்லை, தன்னையே வைத்துக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்வார். கொஞ்ச நேரம் கழித்து, சில சமயம் ஒரு மாதம் கழித்து, அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்வார். இரண்டாவது முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கு எழுதுவார்.

ஒரு மணி நேரம் கழித்துப் படித்தபோது மிச்சமானது சுமார் 44 சதவீதம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. ஆரம்பத்தில் சரசரவென்று சரிகிறது, அப்புறம் சரிவு நிதானமாகிறது. ஆக, சனிக்கிழமை கற்றது புதன்கிழமை பாதி இல்லை என்றால் உங்கள் பிள்ளையிடம் எந்தக் கோளாறும் இல்லை. மனித மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஒரு மாதம் கழித்து, அர்த்தமே இல்லாத அசைகளில்கூட ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகியிருக்கிறது. "சுத்தமா மறந்துபோச்சு" என்று நாம் சொல்லும் விஷயத்திலும் ஏதோ ஒன்று உள்ளே தங்கியிருக்கிறது. சின்ன வயதில் தமிழ் கற்று, நடுவில் விட்டுவிட்ட பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் திரும்பத் தொடங்கும் இடம் பூஜ்யமாக இருக்க வாய்ப்பில்லை.

நாற்பது ஸ்வாஹிலி வார்த்தைகள்

சரி, சரிவை எப்படித் தடுப்பது? "திரும்பத் திரும்பப் படி" என்பதுதான் நம் வீடுகளில் வழக்கமான பதில். அந்தப் பதிலை நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் ஜெஃப்ரி கார்பிக்கி, ஹென்றி ரோடிகர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். அவர்களுடைய ஆய்வு 2008இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது.

கல்லூரி மாணவர்களிடம் 40 ஸ்வாஹிலி வார்த்தைகளையும் அவற்றின் ஆங்கில அர்த்தத்தையும் கொடுத்தார்கள். எல்லோரும் படித்தார்கள், பிறகு பார்க்காமல் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தையை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகு என்ன செய்வது என்பதில்தான் வித்தியாசம். சிலருக்கு அந்த வார்த்தையைப் படிக்க மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள், பார்க்காமல் சொல்லச் சொல்லவில்லை. வேறு சிலருக்கு நேர் எதிர். அவர்கள் அதை மறுபடி படிக்கவே இல்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பார்க்காமல் சொல்லவேண்டும்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தவர்களுக்கு 36 சதவீதம்தான். ஒருமுறை சரியாகச் சொன்னதோடு, படிப்பதையும் சொல்வதையும் சேர்த்தே நிறுத்திவிட்டவர்களுக்கு 33. அதாவது, அத்தனை தடவை கூடுதலாகப் படித்ததால் கிடைத்த லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை!

இதில் இன்னொரு சுவாரசியம். "அடுத்த வாரம் உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?" என்று மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். எல்லாக் குழுவும் ஏறக்குறைய பாதி என்றுதான் சொன்னது. எந்த முறை தங்களுக்கு உதவுகிறது என்பது படித்தவர்களுக்கே தெரியவில்லை.

நான் எழுதும் மென்பொருளில் ஒரு ஃபைலை ஆயிரம் தடவை திறந்து படித்தாலும் அது அப்படியே இருக்கும். மூளை வேறு மாதிரி. உள்ளிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும்போதே அது மாறுகிறது, அடுத்த முறை எடுப்பதற்குச் சுலபமாகிறது. ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் 1970களிலேயே இதைச் சொன்னார். படிக்கும்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தால்தான் பிறகு நன்றாக நிற்கிறது என்று பிற்காலத்தில் அவர் இதை விரித்து எழுதினார். பிள்ளை "அது வந்து... அது... நாக்குல இருக்குப்பா..." என்று திணறும்போது நமக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. உண்மையில் அந்த நேரத்தில்தான் படிப்பு நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு குடும்பம், ஒன்பது ஆண்டுகள்

எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்கவேண்டும்? இதற்கு ஒரு குடும்பமே பதில் தேடியிருக்கிறது. ஹாரி பாரிக் என்ற உளவியலாளர், அவர் மனைவி, இரண்டு மகள்கள், ஆக நான்கு பேர். ஆளுக்கு 300 அயல்மொழி வார்த்தைகளைக் கற்றார்கள். சில வார்த்தைகளை 14 நாளுக்கு ஒருமுறை, சிலவற்றை 28 நாளுக்கு, சிலவற்றை 56 நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பயின்றார்கள். பயிற்சி முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை எது மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். மொத்தம் ஒன்பது ஆண்டு வேலை. ஆய்வுக் கட்டுரை 1993இல் வந்தது. அதை எழுதியவர்களும் அந்த நான்கு பேர்தான்.

இடைவெளி அதிகமாக இருந்தபோது கற்பது சற்று மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் 56 நாள் இடைவெளியில் 13 முறை பயின்றதும், 14 நாள் இடைவெளியில் 26 முறை பயின்றதும் கடைசியில் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பாதி உழைப்பு, அதே நினைவு.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட, அதே நேரத்தை வாரம் முழுக்கத் துண்டு துண்டாகப் பிரிப்பது மேல். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் நமக்கு இது நல்ல செய்திதானே?

டெஸ்ட் என்றாலே பயம்

இங்கே ஒரு சிக்கல். 'டெஸ்ட்' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஒரு சரித்திரம் உண்டு. மதிப்பெண், ரேங்க், "அந்த வீட்டுப் பையன் எவ்வளவு வாங்கினான்?" எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். தமிழில் இது இன்னும் மோசம். விருந்துக்கு வந்த மாமாவின் முன்னால் பிள்ளையை நிறுத்தி, "எங்க, தமிழ்ல ஏதாவது பேசு பார்க்கலாம்" என்போம். பிள்ளை 'பழம்' என்பதைப் 'பலம்' என்று சொல்லும். எல்லோரும் அன்போடுதான் சிரிப்போம். பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் காதில் விழும். அடுத்த முறை வாய் திறக்காது. வார்த்தை மறந்தால் மறுபடி கற்கலாம், வாய் மூடிக்கொண்டால் திறக்கவைப்பது கஷ்டம். பாட்டியோடு வீடியோ காலில் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் பலருக்கு வார்த்தை தெரியும். தப்பாகிவிடுமோ என்ற கூச்சம்தான் தடுக்கிறது.

ஆராய்ச்சி சொல்லும் சோதனையில் மதிப்பெண்ணும் இல்லை, பார்வையாளரும் இல்லை. வகுப்பில் இப்படி அடிக்கடி சின்னச் சின்னதாகக் கேட்டுப் பழக்கிய அமெரிக்கப் பள்ளிகளில் 1,408 மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். இதனால் தேர்வுப் பதற்றம் குறைந்தது என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள். பூஜா அகர்வாலும் அவருடைய குழுவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. பயமில்லாமல் கேட்கப்பட்ட கேள்விகள் பயத்தைக் குறைத்திருக்கின்றன.

இது நமக்குப் புதிதும் அல்ல. உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கை வரலாறான 'என் சரித்திரம்' நூலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலையில் வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை என்று சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார்களாம். மறுநாள் காலை மறக்காமல் திரும்பச் சொல்லவேண்டும். ஓர் இரவு இடைவெளி, பிறகு பார்க்காமல் சொல்வது. மேலே சொன்ன ஆய்வுகளின் சாரம் அந்தத் திண்ணையில் இருந்திருக்கிறது. அங்கிருந்த பிரம்பை மட்டும் நாம் விட்டுவிடலாம்.

இந்த மாதம் செய்து பாருங்கள்

ஒரு வாரத்துக்கு ஐந்து வார்த்தை போதும். வீட்டில் புழங்கும் வார்த்தைகளாக இருக்கட்டும்: கரண்டி, தயிர், போர்வை, நேற்று, நாளை மறுநாள்.

சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது ஒருமுறை, திங்களன்று ஒருமுறை, வியாழனன்று ஒருமுறை, அடுத்த வகுப்புக்குப் போகும் வழியில் ஒருமுறை கேளுங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போன மாத வார்த்தை ஒன்றையும் நடுவே நுழைத்துவிடுங்கள்.

கேட்டபின் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன. நாமும் ஒரே நொடியில் ஆங்கில வார்த்தையை எடுத்துக்கொடுத்து விடுகிறோம், இல்லையா? மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள். "க... கர..."

அப்போதும் வரவில்லையென்றால் விடையைச் சொல்லிவிட்டு நகருங்கள். "இதுகூடத் தெரியலையா?" வேண்டாம், பெருமூச்சும் வேண்டாம். முயன்று தவறிய வார்த்தைகூட, சரியான விடையை உடனே கேட்டால் நன்றாகப் பதிகிறது என்று பியோர்க்கும் அவர் சகாக்களும் 2009இல் காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக, முறை மாற்றுங்கள். பிள்ளை கேட்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் அப்பாவைப் பார்ப்பது பிள்ளைக்குப் பெரிய விடுதலை. உங்களுக்குள்ளும் பழைய வகுப்பின் வார்த்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

வார்த்தைகள் மட்டுமே மொழி ஆகிவிடாது, அது உண்மை. பேசுவதற்கு ஆள் வேண்டும், பேச ஆசை வேண்டும், கேட்க யாராவது காத்திருக்கவேண்டும். ஆனால் பாட்டி "என்ன கண்ணு சாப்பிட்ட?" என்று கேட்கும்போது 'தயிர்' என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அந்தப் பேச்சு இன்னும் ஒரு வாக்கியம் நீளும். அந்த ஒரு வாக்கியத்துக்காக நாற்பது நிமிடம் கார் ஓட்டலாம் என்றே நினைக்கிறேன்.

முயன்று பார்த்து எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.