டெபிக்ட்டா, ரெப்ரசென்ட்டா?

"டெபிக்ட், ரெப்ரசென்ட் இரண்டுக்கும் 'காட்டுவது' என்றே அர்த்தம் சொல்கிறார்கள். ஷூ கம்பெனி குவாலிட்டி ரிப்போர்ட்டில் எதை எழுதுவது?" - ஆம்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது, சகோதரி. ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவின் லேபிளைப் பாருங்கள். அப்பர், லைனிங், சோல் மூன்றும் எந்தப் பொருளால் ஆனவை என்று எழுத்திலோ குறியீட்டிலோ சொல்ல வேண்டும் என்பது 1994-ல் அங்கே வந்த விதி.

விரித்த தோலின் வடிவம் இருந்தால் அசல் தோல். பின்னல் கட்டம் இருந்தால் துணி. வெறும் டைமண்ட் இருந்தால் ரப்பர், பிளாஸ்டிக் போன்ற மற்ற பொருட்கள்.

முதல் படம் அசல் தோலைப் போலவே இருக்கிறது. எனவே 'இட் டெபிக்ட்ஸ் எ ஹைட்'. டைமண்டுக்கும் ரப்பருக்கும் சாயலே கிடையாது; ரப்பருக்குப் பதிலாக நிற்கிறது, அவ்வளவுதான். எனவே அது 'ரெப்ரசென்ட்ஸ்'.

சாயல் இருந்தால் டெபிக்ட். பிக்சர் என்பதில் உள்ள அதே 'பிக்ட்'தான் இதிலும் இருக்கிறது. ரெப்ரசென்ட் இன்னும் பெரிய வட்டம். தோல் படத்துக்கும் அதைச் சொல்லலாம். ஆனால் டைமண்ட் ரப்பரை டெபிக்ட் செய்கிறது என்று சொல்ல முடியாது.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். தோலின் மேல்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டி, மொத்தக் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் அது 'கோட்டட் லெதர்'. அதற்குத் தோல் வடிவத்துக்குள் டைமண்ட் போட வேண்டும். வெறும் தோல் படத்தை ஒட்டிவிட்டால்? படம் அழகாகவே தோலை டெபிக்ட் செய்யும். ஆனால் வாங்குபவருக்குத் தவறான தகவல் போகும். அப்போது எழுத வேண்டியது: 'தி லேபிள் மிஸ்ரெப்ரசென்ட்ஸ் தி மெட்டீரியல்.' படத்தில் குறை இல்லை, சொன்ன செய்தியில்தான் குறை என்பது இந்த ஒரு சொல்லில் விளங்கிவிடும்.

இரண்டு குறிப்புகள்:

* 'டெபிக்ட் அபவுட்' தவறு. 'தி பில்லர்ஸ் டெபிக்ட் யாளிஸ்' என்று வேலூர் கோட்டைக் கோயில் தூண்களைப் பற்றி நேராகச் சொன்னால் போதும்.

* எழுத்தாலும் டெபிக்ட் செய்யலாம். ஒருவரை வில்லனாகக் காட்டும் நாவல், அவரை 'டெபிக்ட்ஸ் ஹிம் ஆஸ் எ வில்லன்'. அவர் நிஜத்தில் வில்லனா என்பது வேறு விஷயம்!

உங்களுக்கு ஒரு பயிற்சி: புதிய 50 ரூபாய் நோட்டில் ஹம்பியின் கல் தேரும் இருக்கிறது, ரூபாய்க் குறியும் இருக்கிறது. எதற்கு டெபிக்ட், எதற்கு ரெப்ரசென்ட்?