காவலூர் காட்டும் வழி

எம்மூராகிய சந்தவாசலில் நின்று மேற்கே நோக்கினால் சவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடப்பது தெரியும். காலையில் கருநீலமாகவும், நண்பகலில் வெளிறியும், அந்தியில் கரிய மதில் எழுந்து நின்றாற்போலவும் தோன்றும் அம்மலையை ஊரார் நாள்தோறும் காண்கின்றனர்; ஆயினும் மழை வருமா என்று அறிவதற்கே பெரும்பாலும் அதனை நோக்குவர். சாமையும் புளியும் தேனும் அங்கிருந்து இறங்கி வரும். பள்ளிக்குப் பிள்ளைகளும் இறங்கி வருவர்.

அம்மலைத்தொடரின் மறுபுறத்தில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறிச் சென்றால், காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே காட்டினிடையே வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், யுரேனஸ் என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் செல்லும் என்று அறிஞர் கணித்திருந்தனர். அதனைக் காண உலகின் சில இடங்களில் தொலைநோக்கிகளோடு காத்திருந்தனர். காவலூரும் அவற்றுள் ஒன்று. கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி மங்கி மீண்டது. கண்ணுக்குப் புலனாகாத வளையங்கள் அக்கோளைச் சூழ்ந்திருந்தமையே காரணம் என்று பின்னர்த் தெளிந்தனர். சாமை விளையும் எம் மலைக்கு அச்செய்தியிலும் ஒரு பங்கு உண்டு.

பல்லாண்டுகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை மாணவர் நாற்பதின்மரை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றேன். தமிழாசிரியருக்கு அங்கு என்ன வேலை என்று வினவியவர் உண்டு. விண்மீன்களைப் பற்றிப் புலவர் பாடியதைக் கற்பிப்பவன் ஒருமுறையேனும் அவற்றை நன்றாகக் காண வேண்டாவா? ஆனால் அன்று மாலையே மேகம் கவிந்துவிட்டது. குவிமாடம் திறக்கப்படவில்லை. மாணவர் முகம் வாடினர். அங்குப் பணியிலிருந்த ஒருவர், “மேகம் விலகினால் திறப்போம், விடியும் வரை காத்திருப்போம்” என்றார். ஒரு குறும்புக்கார மாணவன், “விடியும் வரை விலகாவிட்டால் என்ன செய்வீர்கள், ஐயா?” என்று கேட்டான். “நாளை இரவும் வருவோம்” என்றார் அவர். அன்றிரவு நாங்கள் ஒரு விண்மீனையும் காணாமல் திரும்பினோம். ஆயினும் அவர் சொல்லிய விடை நெடுநாள் என் நெஞ்சில் நின்றது.

மாணவர்களே! முயற்சி என்று நாம் வழங்கும் சொல்லை இன்று மிகவும் சுருக்கிவிட்டோம் என்பது என் கருத்து. தேர்வுக்கு இருபது நாள் முன்னர் நள்ளிரவில் விளக்கேற்றி, கண் எரிய எரிய உரத்து ஓதுவதையே முயற்சி என்கின்றோம். அதனை யான் பதற்றம் என்பேன். பயன் உடனே கிட்டும் என்னும் உறுதியோடு செய்வது எளிது. வணிகரும் அதனைச் செய்வர். இன்று பயன் இல்லை, நாளையும் ஐயமே என்று அறிந்திருந்தும், செய்ய வேண்டியதைச் செம்மை குறையாது செய்வதே ஊக்கம். கொடைக்கானல் மலையிலுள்ள கதிரவன் ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், வானம் தெளிந்த நாளிலெல்லாம் கதிரவனைப் படம் பிடித்து வந்துள்ளனர். ஒரு நாளைய படத்தால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. நூறாண்டுப் படங்களும் ஒருங்கே கிடைத்தபோது, கதிரவனின் புள்ளிகள் பெருகிக் குறையும் முறையை ஆராய்வோருக்கு அஃது ஒரு கருவூலம் ஆயிற்று. முதல் படங்களை எடுத்தவர் எவரும் அப்பயனைக் காண உயிரோடு இல்லை.

காவலூர் ஆய்வகத்தைத் தோற்றுவித்த வைணு பாப்பு 1927-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத்திலுள்ள நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியமையால், இளமையிலேயே தொலைநோக்கி அவருக்கு விளையாட்டுப் பொருள்போல் பழகிற்று. ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்களை இரவுதோறும் கண்டு குறித்து வைத்தார். மாணவப் பருவத்தில் அவர் எழுதிய ஆராய்ச்சிக் குறிப்புகள் 1946-ஆம் ஆண்டில் அச்சேறின. அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்ற 1949-ஆம் ஆண்டிலேயே, வானைப் படம் பிடித்த தகடு ஒன்றில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அது பாப்பு, பாக்கு, நியூகிர்க்கு என்னும் மூவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. நல்லூழ் என்பர் சிலர். வால்மீன் அத்தகட்டில் விழுந்தது நல்லூழாக இருக்கலாம். ஆயிரம் புள்ளிகளுக்கிடையே இது புதியது என்று கண்டது பழகிய கண்.

பின்னர் 1957-ஆம் ஆண்டில், வில்சன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, விண்மீனின் ஒளிநிறமாலையில் தோன்றும் ஒரு கோட்டின் அகலத்தைக் கொண்டே அவ்விண்மீனின் உண்மையான ஒளிர்வை அறியலாம் என்று காட்டினார். அவ்விளைவு இருவர் பெயராலும் இன்றும் வழங்குகின்றது. அத்தகையவர் அயல்நாட்டிலேயே தங்கியிருப்பின் எல்லா வசதியும் பெற்றிருப்பார். ஆனால் 1960-ஆம் ஆண்டில் கொடைக்கானல் ஆய்வகத்தின் தலைமையை ஏற்றார். கதிரவனை ஆராய்வதற்கு ஏற்ற அவ்விடம் விண்மீன்களை நோக்குவதற்குப் போதாது எனக் கண்டு, நகர விளக்கொளி தீண்டாத வேறோர் இடத்தைத் தேடுவித்தார். அவ்வாறு தேடிக் கண்ட இடமே காவலூர். நிலநடுக்கோட்டுக்கு அணித்தாக உள்ளமையால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம்.

1968-ஆம் ஆண்டில் அங்கு முதலில் நிறுவப்பெற்ற தொலைநோக்கி 38 செ.மீ. கண்ணாடி கொண்டது, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பெற்றது. 1972-இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. பாப்புவின் கனவோ அதனினும் பெரிது. 234 செ.மீ. குறுக்களவுள்ள கண்ணாடியோடு ஒரு பெருந்தொலைநோக்கியை இந்நாட்டாரே வடிவமைத்து, இந்நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்றார். வாங்கிவிடலாமே என்று நினைக்கத் தோன்றும். வாங்கினால் கருவி கிடைக்கும். கருவி செய்வோர் கிடைக்கமாட்டார்.

தொலைநோக்கிக் கண்ணாடியைச் செப்பம் செய்வது எத்தகைய பணி என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நுண்துகள் இட்டுத் தேய்த்தல் வேண்டும். நிறுத்தி அளத்தல் வேண்டும். மீண்டும் தேய்த்தல் வேண்டும். தேய்க்கும்போது எழும் சூட்டினாலேயே கண்ணாடி சற்று விரியும். ஆதலால் அது குளிரும் வரை பொறுத்திருந்தே அளக்க வேண்டும். மேடு இருப்பின் தேய்த்துக் கரைக்கலாம்; மிகுதியாகத் தேய்த்துப் பள்ளம் விழுந்துவிட்டாலோ, சுற்றிலும் உள்ள பரப்பு முழுவதையும் அப்பள்ளத்தின் அளவிற்குத் தாழ்த்த வேண்டும். இறுதியில் நிற்கக்கூடிய பிழை ஒரு மயிரிழையின் பருமனில் நூற்றில் ஒரு பங்கினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். திங்கள்கள் அல்ல, ஆண்டுகள் செல்லும் வேலை இது. ‘போதும்’ என்னும் சொல்லை எளிதில் சொல்பவன் இத்தொழிலுக்கு ஆகான். என் மாணவர் கட்டுரை எழுதி ஒருமுறையேனும் திருப்பிப் படியாமல் நீட்டும்போதெல்லாம் இக்கண்ணாடியே என் நினைவுக்கு வரும்.

அத்தொலைநோக்கி நிறைவுறுவதைப் பாப்பு காணவில்லை. அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராக 1979-இல் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவர், 1982-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 19-ஆம் நாள் செருமனியின் மூனிக்கு நகரில் மறைந்தார். அகவை ஐம்பத்தைந்து. பணி நின்றுவிடும் என்று அஞ்சியவர் இருந்திருப்பர். நிற்கவில்லை. அவரிடம் பயின்றவரும் அவரோடு உழைத்தவரும் அதனைத் தொடர்ந்து செய்து முடித்தனர். 1986-ஆம் ஆண்டு சனவரியில் அத்தொலைநோக்கி நாட்டுக்கு உரிமையாக்கப்பெற்றது. அவர் பெயரே அதற்கும் ஆய்வகத்திற்கும் இடப்பெற்றது.

தலைமை என்பதற்கு யான் அறிந்த தெளிவான சான்று இதுவே. தலைவன் இருக்கும்போது பணி நடப்பது வியப்பன்று. இவ்வுண்மையை ஆசிரியனாக இருந்த காலத்தில் யான் நெடுநாள் உணரவில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவனையே மாணவர் தலைவனாக அமர்த்துவேன். அவன் கரும்பலகையில் பேசியோர் பெயரை எழுதுவான். யான் உள்ளே நுழையும்போது எழுந்து நிற்குமாறு கட்டளையிடுவான். அஃதொன்றே தலைமை என்று அவனும் எண்ணினான், யானும் எண்ணினேன்.

அவ்வகையில் ஓராண்டு நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். மலைமேல் ஒரு சிற்றூரிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் இருந்தான். மதிப்பெண் நடுத்தரமே. மழைக்காலம் முடிந்ததும் வரவில்லை. குடும்பத்தோடு அயலூருக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான் என்றனர். இரண்டு வாரம் சென்றபின் வகுப்பு வேறு விதமாகத் தோன்றிற்று. தண்ணீர்ப் பானை வெறுமையாகக் கிடந்தது. கடைசி வரிசை மாணவர் ஐவர் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தனர். வினவியபோதுதான் அறிந்தேன்: நாள்தோறும் பள்ளி தொடங்குமுன் வந்து பானை நிரப்பியவன் அவன், மரத்தடியில் அந்த ஐவரையும் அமர்த்திப் புணர்ச்சி விதிகளைச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. யான் அமர்த்திய தலைவன் முன் வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருந்தான். வகுப்பின் உண்மையான தலைவன் என் கண்ணுக்குத் தெரியாமலே வந்து, தெரியாமலே போய்விட்டான். முன்னரே அறிந்திருந்தால் அவன் தந்தையாரிடம் சென்று பேசியிருப்பேன். இப்பிழை என்னுடையது, அதனை வேறெவர் மேலும் சுமத்தேன்.

எம் பகுதியின் பழைய நூல் ஒன்றை ஈண்டு நினைத்தல் தகும். செங்கண்மா என்னும் செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டுள் ஒன்று. கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் கூத்தனை வழிப்படுத்துவதே அதன் பொருள். வள்ளலைப் புகழ்வதோடு அவன் நிற்கவில்லை. மலைவழியில் எங்கே வழுக்கும், எங்கே கவண்கல் வந்து விழும், எங்கே இரவு தங்கலாம் என்றெல்லாம் தான் நடந்த வழியை நுணுக்கமாக எடுத்துரைக்கின்றான். பெற்றதை மறைத்துக்கொண்டு வேறு வழியாகச் சென்றிருக்கலாம் அன்றோ? தமிழர் அத்தகைய பேச்சையே ஓர் இலக்கிய வகையாக்கிப் போற்றினர். கணக்கில் வல்ல மாணவன், விடையை மட்டும் காட்டாமல், தான் எந்த இடத்தில் தடுமாறினான் என்பதையும் அடுத்தவனுக்குச் சொல்வானாயின், அவனும் ஆற்றுப்படுத்துபவனே.

மதிப்பெண் வேண்டா என்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. மலையிலிருந்து இறங்கி வரும் ஏழை மாணவனுக்கு மேற்படிப்பின் கதவைத் திறக்கும் சாவிகளுள் அதுவும் ஒன்று. அதனை இகழ்ந்து பேசுதல் வயிறு நிறைந்தவர்க்கே இயலும். கும்பகோணத்தில் படித்த கணித மேதை இராமானுசன் கணக்கிலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தவறி, கல்லூரி உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். தேர்வில் தவறிய மாணவர் சிலர் இவ்வரலாற்றை எனக்கு நினைவூட்டுவதுண்டு. அவர்களுக்கு யான் கூறும் விடை ஒன்றே: தவறியது வரைக்கும் நீயும் அவரும் ஒப்பு; அவர் நிரப்பிய கணக்கேடுகளைப் போல் உன் ஏடுகளையும் கொண்டு வா, பார்ப்போம்.

1988-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள், காவலூரில் இராசமோகன் என்னும் வானியலார் வானைப் படம் பிடித்துச் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தார். 4130 என்னும் எண் பெற்ற அதற்கு இராமானுசன் என்று பெயரிட்டனர். நிலையாக நிற்கும் எண்ணற்ற புள்ளிகளுக்கிடையே ஒன்று மட்டும் சற்றே நகர்ந்திருப்பதைக் கண்டு பிரித்தறிதல் வேண்டும். தேடியும் ஒன்றும் அகப்படாத இரவுகள் எத்தனையோ கழியும். அவற்றுக்குப் பெயர் இல்லை.

இதனை எழுதும் இம்மாலையில் மேற்கே மலைமீது மேகம் இறங்கியிருக்கின்றது. கமண்டல நதியின் பக்கம் மின்னல் தெரிகின்றது. காவலூரிலும் இவ்வாறே இருக்குமாயின், குவிமாடத்தைத் திறவாமல், கருவியைச் சரிபார்த்து வைத்துவிட்டு, மணிக்கொருமுறை வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பர்.