குடியை நிறுத்தியவர்களுக்கு ஓர் அறை

தமிழ்நாட்டில் 2024-இல் இருந்த டாஸ்மாக் மதுக்கடைகள் ஏறத்தாழ 4,800. 2023-24 நிதியாண்டில் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். சரக்கு எங்கே கிடைக்கும் என்று கனகம்மாசத்திரத்தில் யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஆனால், குடியை நிறுத்திய ஒருவர் மறுபடி அதில் விழாமல் இருக்க வாரத்தில் ஒரு நாள் யாரோடு போய் உட்காரலாம் என்று கேட்டால், ஊரில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

அந்தப் பதிலை ஊரறியச் செய்வது அரசின் கடமை. திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊரைப் போன்ற ஒவ்வொரு சிற்றூரிலும் குடிமீட்புக் கூட்டத்துக்கு ஓர் அறை வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

தேவை பெரிது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் நாட்டில் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது மதுவிலக்கைப் பற்றி மாநிலமே பேசியது. கடைகளை மூடுவதா, குறைப்பதா என்ற அந்த விவாதம் தேவைதான். அது ஒரு முடிவுக்கு வரும்வரை குடிநோயாளியின் வீடு காத்திருக்க முடியாது.

திருத்தணி முருகனுக்கு மாலை போட்டுக் காவடி எடுப்பவர்களை இந்த வட்டாரம் நன்கு அறியும். ஆண்டெல்லாம் குடித்தவர்கூட விரத நாட்களில் ஒரு சொட்டும் தொடுவதில்லை. மலையேறி, வேண்டுதலை முடித்து, மாலையைக் கழற்றிய வாரமே பழைய கூட்டாளிகளோடு கடை வாசலில் நிற்பவர்களும் உண்டு. ‘மன உறுதி இல்லாத மனுஷன்’ என்று வீட்டில் ஏசுகிறார்கள். அத்தனை நாள் அந்த உறுதி அவரிடம் இருக்கத்தான் செய்தது. கூடவே மாலை போட்டவர்களும், இரவு பஜனையும், ‘சாமி’ என்று மரியாதையோடு அழைத்த தெருவும் அதைத் தாங்கிப் பிடித்திருந்தன. அந்தத் துணையை ஆண்டு முழுவதும் கிடைக்கச் செய்வதுதான் குடிமீட்புக் கூட்டம்.

1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நின்றதில் பிறந்தது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற குடிமீட்புக் கூட்டம். 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. சேரக் கட்டணம் இல்லை. முழுப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். அறிவுரை சொல்ல அங்கே யாரும் மேடையேறுவதில்லை. குடித்துச் சீரழிந்து மீண்டவர் தன் கதையைச் சொல்கிறார்; நேற்று நிறுத்தியவர் கேட்கிறார். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. இதனால் பலன் உண்டா என்ற ஐயத்துக்கு 2020-இல் வந்த காக்ரேன் ஆய்வறிக்கை விடை தந்தது: இக்கூட்டங்களோடு இணைக்கும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்றச் சிகிச்சை முறைகளை விஞ்சி நிற்கிறது.

சென்னையில் முடியும், சிற்றூரில் முடியுமா என்று கேட்பவர்கள் மஞ்சக்குடியைப் பார்க்கட்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, திருவாரூர் மாவட்டத்தின் அந்தக் கிராமத்தில் ஊராரையே துணைக்கு வைத்துக்கொண்டு குடிமீட்பு முகாம்களை நடத்திக் காட்டியது.

‘நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்’ என்ற தயக்கம் உண்மையானது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் ஓர் ஊரில் மட்டும் போதாது என்கிறோம். கனகம்மாசத்திரத்துக்காரர் திருத்தணிக்குப் போகலாம். திருத்தணிக்காரர் பேருந்தேறி இங்கே வரலாம். தெலுங்கு வீட்டு மொழியாக உள்ள எல்லைப் பகுதி இது. மனம் விட்டுப் பேச அவரவர் மொழிக்கு இடம் இருக்க வேண்டும். மனைவியரும் பிள்ளைகளும் தனியே கூட, ‘அல்-அனான்’ போன்ற குடும்பக் குழுக்களும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் நாள் தவறாமல் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் தொடர வேண்டிய துணை.

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. பள்ளி வகுப்பறையோ, ஊராட்சிக் கட்டடமோ வாரம் ஒரு மாலை திறந்திருக்கட்டும். இக்குழுக்கள் வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பதால், பெயரளவு வாடகை வாங்கிக்கொள்ளலாம். இடமும் நேரமும், 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பேருந்து நிறுத்தத்திலும், டாஸ்மாக் கடை வாசலிலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். சிகிச்சை முடித்து அனுப்பும் மருத்துவர் அந்த முகவரியை மருந்துச் சீட்டோடு சேர்த்து எழுதித் தரட்டும்.

அதற்குமேல் அரசு அந்த அறைக்குள் நுழையக் கூடாது. வருகைப் பதிவேடு, புகைப்படம், தொடக்க விழா எதுவும் வேண்டாம். விற்பதற்கு ஊர்தோறும் இடம் தேடிய நிர்வாகம், மீள நினைப்பவருக்கும் இடம் கொடுக்கட்டும். அதைத் திருத்தணி வட்டத்திலிருந்தே தொடங்கலாம்.